பத்தொன்பது மாதத் தொடர்கதை: ஒரு டிக்கன்ஸ் வாசகர் குழுவின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் பிராட்ஸ்டேர்ஸ் கடற்கரையில், மேட்டின் மேல், 'பிளீக் ஹவுஸ்' என்று பெயர் தாங்கிய ஒரு வீடு இருக்கிறது. அதன் பழைய பெயர் ஃபோர்ட் ஹவுஸ். சார்லஸ் டிக்கன்ஸ் கோடைக்காலங்களில் தங்கிய வீடு என்பதால் பின்னாளில் அவருடைய நாவலின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். நாவலில் வரும் வீடு செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் இருப்பது. கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கள் குழு அந்தக் கடற்கரை வீட்டை இரண்டு முறை போய்ப் பார்த்திருந்தது. வாசலில் நின்று எடுத்த படங்கள் குழுவின் கோப்பில் இருக்கின்றன. நாவலை மட்டும் ஒரு முறைகூடச் சேர்ந்து படித்ததில்லை.

இந்த ஆய்வு அந்தக் குழுவைப் பற்றியது. கென்ட் பகுதியில், ராச்செஸ்டருக்கு அதிகத் தூரமில்லாத ஒரு சிறிய ஊரில் அது கூடுகிறது. நான் அதில் உறுப்பினன். கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பும் என்னுடையது. ஆகவே இதை வெளியில் நின்று எழுதியதாகக் கொள்ள வேண்டாம். சில இடங்களில் நானே ஒரு தரப்பு.

குழுவும் அதன் நோயும்

ஓர் எழுத்தாளரின் பெயரால் கூடும் வழக்கம் இங்கே பழையது. எழுத்தாளர்களான பிரான்ட்டே சகோதரிகளுக்கான சங்கம் 1893இல் தோன்றியது. டிக்கன்ஸ் அன்பர்களின் சங்கம் 1902இல் லண்டனில் தொடங்கி, 1905 முதல் தனக்கென்று ஓர் ஆய்விதழையும் நடத்திவருகிறது. டௌட்டி தெருவில் டிக்கன்ஸ் குடியிருந்த 48ஆம் எண் வீட்டை வாங்கி 1925இல் அருங்காட்சியகமாகத் திறந்ததும் அதுதான். ஜேன் ஆஸ்டினுக்கான சங்கம் 1940இல் வந்தது. பெரிய சங்கங்களின் கிளைகளாகச் சில குழுக்கள் இருக்கின்றன. எங்களுடையதைப்போல எதிலும் சேராமல் நடப்பவையும் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமக்கு நினைவுச் சின்னமோ பாராட்டுச் சின்னமோ எதுவும் எழுப்பக் கூடாது என்று டிக்கன்ஸ் 1869இல் எழுதிய உயிலில் நண்பர்களை மன்றாடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தம் படைப்புகளைக் கொண்டே நாடு தம்மை நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் விருப்பம். எங்கள் குழு அதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 7 பிறந்த நாள், கோப்பையை உயர்த்தி வாழ்த்து. ஜூன் 9 நினைவு நாள், மலர்வளையம். நடுவில் மாதம் ஒரு சொற்பொழிவு. அலமாரியில் கிடந்த பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். டிக்கன்ஸும் ரயிலும், டிக்கன்ஸும் நாய்களும், டிக்கன்ஸும் கிறிஸ்துமஸும் எனத் தலைப்புகள் ஓடின. அவற்றில் எந்தக் கூட்டத்துக்கு வருவதற்கும் யாரும் எதையும் படித்திருக்கத் தேவையில்லை.

ஆட்கள் குறைந்ததற்கு முதுமை, பனிக்காலம், பஸ் வசதிக் குறைவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் உண்மைதான். ஆனால் வராமல் நின்றவர்களில் இருவரைத் தொலைபேசியில் விசாரித்தபோது, "போன மாதம் வராததால் எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை" என்று ஒருவர் சொன்னார். நோயின் பெயர் அதுதான். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் எந்த நூலும் ஓடவில்லை. பன்னிரண்டு கூட்டங்களைக் கலைத்து எந்த வரிசையில் அடுக்கினாலும் ஆண்டு அப்படியே இருந்திருக்கும்.

நாங்கள் கூடிய நூலகம், பத்துப் பேராவது வராத குழுக்களுக்கு மாடி அறை இனிக் கிடையாது என்று அறிவித்தது. அன்று வந்திருந்தவர்கள் ஏழு பேர். குழுவைக் கலைத்துவிடலாமா என்று தலைவர், அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மெல்லக் கேட்டார். அப்போது முன்னாள் செவிலியரான ஓர் அம்மையார் கையைத் தூக்கினார். "கலைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அவருடைய எந்தப் புத்தகத்தை நாம் எல்லோரும் ஒரே சமயத்தில் கடைசியாகப் படித்தோம்?"

யாருக்கும் நினைவில்லை. எனக்கு முந்தைய குறிப்பேடுகளிலும் பதில் இல்லை.

தவணை என்ற மருந்து

டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் புத்தகமாகப் பிறந்தவை அல்ல. 1836 ஏப்ரலில் 'பிக்விக் பேப்பர்ஸ்' தொடங்கியபோது மாதம் ஒரு தவணையாக, மெல்லிய தாள் அட்டையில், ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். அன்று மூன்று பாகமாக வரும் நாவல் ஒன்றின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அவ்வளவு பணத்தை ஒரே மூச்சில் எடுத்துவைக்க முடியாதவரும் மாதம் ஒரு ஷில்லிங்கை ஒதுக்கிவிடலாம். பின்னர் வந்த மாதத் தொடர்களிலும் இதே அமைப்பு நிலைத்தது: தவணைக்கு 32 பக்கம், இரண்டு படங்கள், இருபது தவணைகள், கடைசி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால் பத்தொன்பது மாதம். 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து ஒரு வாரம் முழுதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'பிளீக் ஹவுஸ்' 1852 மார்ச்சில் தொடங்கி 1853 செப்டம்பரில் முடிந்தது. 67 அத்தியாயங்கள். எந்தத் தவணை எங்கே முடிந்தது என்பது தெரிந்த செய்தி. சில பதிப்புகளில் நூலுக்குள்ளேயே குறித்திருப்பார்கள். செவிலியர் அம்மையாரின் யோசனை எளிமையானது: அந்த நாவலை அதே கணக்கில், மார்ச் முதல் மறு ஆண்டு செப்டம்பர்வரை, பத்தொன்பது கூட்டங்களில் படிப்பது. சொற்பொழிவு கிடையாது. பிறந்த நாள் வாழ்த்து பத்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

விதிகள் இரண்டுதான். அந்த மாதத் தவணையைத் தாண்டி யாரும் பேசக் கூடாது. தவணையின் கடைசிப் பக்கத்தைக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். இரண்டாவது விதி ஒருவருக்காகவே வந்தது. எண்பத்தேழு வயதான ஒரு பெரியவர், முன்னாள் அச்சுக்கோப்பாளர், விழித்திரை நோயால் எழுத்தைப் படிக்கும் பார்வையை இழந்திருந்தார். வீட்டில் அவர் மனைவி படித்துக்காட்டுவார். கூட்டத்தில் கடைசிப் பக்கத்தையும் அந்த அம்மையாரே படிக்கட்டும் என்று முடிவாயிற்று.

முதல் விதிக்கு உடனே சிக்கல் வந்தது. நாவலை முன்பே படித்தவர்கள் நால்வர் இருந்தார்கள். பிபிசி 2005இல் ஒளிபரப்பிய பதினைந்து பகுதித் தொடரைப் பார்த்தவர் ஒருவர். இவர்களை என்ன செய்வது? இந்த வகைக் குழுக்களின் தலையாய தொல்லை இதுதான் என்பது என் எண்ணம். ஓர் எழுத்தாளரின் பெயரால் கூடும் இடத்துக்கு அவரை முன்பே படித்தவர்கள்தான் வருவார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் புதிதாகப் படிப்பவர் வாய் திறக்கத் தயங்குவார். வல்லுநர்கள் பேசுவார்கள், புதியவர் தலையாட்டுவார், மூன்றாம் மாதம் காணாமல் போவார். நாங்கள் எதேச்சையாக ஒரு வழி கண்டோம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் முக்கால் மணி நேரம் புதியவர்களுக்கு மட்டும். முன்பே படித்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் பேசும் முறை வரும்போதும் அந்தத் தவணைக்குள் இருக்கும் வரிகளை மட்டுமே தொடலாம். வாயைக் கட்டிப்போட்டதாகத் தலைவர் முதலில் குறைப்பட்டுக்கொண்டார். நான்காம் மாதத்துக்குள் அவரே, ஊகங்கள் தவறிப்போவதைக் கேட்பதுதான் தமக்குப் பெரிய இன்பம் என்று ஒப்புக்கொண்டார்.

மாதங்கள்

முதல் தவணை நான்கு அத்தியாயங்கள். 'லண்டன்' என்ற ஒற்றைச் சொல் வாக்கியத்தில் தொடக்கம், சேறு, மூடுபனி, அந்த மூடுபனியின் நடுவில் உட்கார்ந்திருக்கும், சொத்து, உயில் வழக்குகளை விசாரிக்கும் சான்சரி நீதிமன்றம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், வாழ்நாள் முழுதும் உயில் விவகாரங்களைப் பார்த்தவர். சான்சரி நீதிமன்றம் 1875இல் உயர்நீதிமன்றத்துடன் இணைந்துவிட்டாலும் அதன் பெயரில் ஒரு பிரிவு இன்றும் இயங்குகிறது என்றும், அந்தப் படியில் தாமும் ஏறியிருப்பதாகவும் சொன்னார். டிக்கன்ஸுக்கு இந்தக் கோபம் கேள்வி ஞானத்தால் வந்ததல்ல என்பதையும் அவர்தான் எடுத்துக்கொடுத்தார். 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையைத் திருடி அச்சிட்டவர்கள்மேல் டிக்கன்ஸ் 1844இல் இதே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வென்றார். எதிராளிகள் திவாலாகிவிட்டதால் வழக்குச் செலவு, ஏறத்தாழ 700 பவுண்டு, வென்றவர் தலையிலேயே விழுந்தது.

மூன்றாம் தவணையில்தான் மருந்து வேலை செய்யத் தொடங்கியது. வழக்கறிஞர் டல்கிங்ஹார்ன், பழந்துணிக் கடை மாடியில் குடியிருக்கும் பத்திர எழுத்தரைத் தேடி ஏறுகிறார். இருட்டு அறை, ஓரத்தில் படுக்கை, அதில் ஓர் ஆள். கூப்பிடுகிறார், கதவைத் தட்டுகிறார், பதில் இல்லை. அறையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியும் அணைந்துபோகிறது. சாளரக் கதவில் உள்ள இரண்டு துளைகள் கண்களைப்போலப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தவணை அங்கே முடிகிறது. புத்தகமாகப் படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்த ஆள் செத்துவிட்டான் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்களுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் குழுவின் வரலாற்றிலேயே முதல் முறையாக, கூட்டத்துக்கு வெளியே உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பேசினார்கள். குறிப்பெழுதுபவன் என்பதால் எனக்கும் இரண்டு அழைப்புகள் வந்தன. இருவரும் கேட்டது ஒன்றுதான்: ஆள் தூங்குகிறானா, செத்துவிட்டானா?

ஆறு, ஏழாம் தவணைகள் இழுத்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. புதுப் பாத்திரங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வட்டிக்கடைக் கிழவர் மனைவிமேல் திண்டை எடுத்து எறிவது முதல் முறை சிரிப்பு, அப்புறம் அலுப்பு. வருகை சரிந்தது. இருவர் நிரந்தரமாக நின்றுவிட்டார்கள். மாதத் தவணையின் பலவீனமும் இங்கேதான் தெரிந்தது: நல்ல மாதம் முப்பது நாள் கூடவே வருவதைப்போல மோசமான மாதமும் முப்பது நாள் கூடவே வருகிறது.

எட்டாம் மாதம் ஓர் இளைஞர் தாம் முழு நாவலையும் படித்து முடித்துவிட்டதாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். ஏதோ களவு செய்தவரைப்போல இருந்தது அவர் முகம். அவரைக் கேட்போர் வரிசைக்கு மாற்றினோம். விஷயம் அவ்வளவுதான்.

பத்தாம் தவணை

1852 டிசம்பரில் இந்தத் தவணையைக் கையில் வாங்கியவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். மூன்று அத்தியாயங்கள். நடு அத்தியாயத்தில், கதைசொல்லிகளில் ஒருத்தியான எஸ்தர், தெருவில் திரியும் ஜோ என்ற சிறுவனுக்கு அடைக்கலம் தருகிறாள். அவனிடமிருந்து காய்ச்சல் அவளுடைய வேலைக்காரச் சிறுமி சார்லிக்குத் தொற்றுகிறது. சார்லிக்குச் செய்த பணிவிடையில் எஸ்தருக்கும் வருகிறது. நோயின் பெயரை டிக்கன்ஸ் சொல்வதே இல்லை. எங்கள் செவிலியருக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. "பெரியம்மை. வேறென்ன?" என்றார். அத்தியாயத்தின் கடைசியில் எஸ்தர் சார்லியிடம், உன்னை என்னால் பார்க்க முடியவில்லை, எனக்குக் கண் தெரியவில்லை என்கிறாள். உடனே டிக்கன்ஸ் அவளை அப்படியே விட்டுவிட்டு லண்டனுக்குப் போய்விடுகிறார். பழந்துணிக் கடைக்காரர் குரூக், குடித்துக் குடித்து ஊறிப்போன கிழவர், தானாகவே தீப்பற்றிக் கரியாகிக் கிடக்கிறார். தவணை முற்றிற்று.

அந்த மாதம் மட்டும் விதியை மீறி இரண்டு முடிவுகளையும் உரக்கப் படிக்கச் சொன்னார் தலைவர். அச்சுக்கோப்பாளரின் மனைவி முதலில் எஸ்தரின் பக்கத்தை எடுத்தார். அவர் படிக்கும் முறையில் நடிப்பு இருக்காது. செய்தித்தாள் படிப்பதுபோல இருக்கும். கண்ணாடியை ஒரு முறை துடைத்துக்கொண்டார். கடைசி வரியையும் அதே குரலில் படித்துவிட்டு நிறுத்தினார். யாரும் பெரியவர் இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் படும் பாடு நன்றாகவே தெரிந்தது. அவர்தான் பேசினார்.

"சத்தமே போடாமல் சொல்கிறாள். எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் போடுவதெல்லாம் பிறகு வரும்."

அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தில் இந்த வாசகத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் எதுவும் எழுதவில்லை.

குரூக்கின் முடிவைப் பற்றி நடந்த சண்டை வேறு வகை. மனித உடல் தானாகத் தீப்பற்றுமா? பற்றாது. 1852லேயே விமர்சகர் ஜி. எச். லூயிஸ் இதை எதிர்த்து எழுதினார். அடுத்த தவணையில் டிக்கன்ஸ் கதைக்குள்ளேயே அறிஞர்களைக் கிண்டல் செய்தார். நூலாக வந்தபோது முன்னுரையில், ஏறத்தாழ முப்பது நிகழ்வுகள் பதிவாகியிருப்பதாக வாதாடினார். நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து நாங்களும் ஒரு மணி நேரம் அதையே செய்தோம். பழைய குழுவாக இருந்திருந்தால் ஆசிரியரைக் காப்பாற்றத்தான் முனைந்திருப்போம். இப்போது, "அவர் தவறு, ஆனால் அந்த அத்தியாயம் தவறில்லை" என்று வழக்கறிஞர் சொன்னதைத் தலைவரும் ஏற்றுக்கொண்டார். சாளர விளிம்பில் பிசுபிசுவென்று ஒட்டும் மஞ்சள் நெய், காற்றில் மிதந்து சட்டைமேல் படியும் கரி, யாரோ இறைச்சியைக் கருகவிட்ட நாற்றம்: பல பக்கங்களுக்கு முன்பிருந்தே குரூக் எரிந்துகொண்டிருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை.

கடிதம்

இனி என் தரப்பு.

முதல் தவணையிலேயே திருமதி ஜெல்லிபி வந்துவிடுகிறார். ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றங்கரையில் குடியேற்றம் அமைத்துக் காப்பி பயிரிடவும் அங்குள்ளவர்களுக்குக் கல்வி புகட்டவும் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளுபவர். அவர் வீட்டில் பிள்ளைகள் மாடிப்படியில் உருண்டுகொண்டிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆற்றங்கரை மக்களை நாவலில் யாரும் ஒரு மனிதராகக்கூட எண்ணவில்லையே என்று தோன்றியதை அன்று சொல்லவில்லை. பதினோராம் தவணையில், எஸ்தரை நேசிக்கும் மருத்துவர் கிழக்கிந்தியக் கடலில் கப்பல் உடைந்து பலரைக் காப்பாற்றிய செய்தி வருகிறது. இந்தியா நாவலுக்குள் வருவது இப்படித்தான்: ஆங்கிலேயர் வீரம் காட்டுவதற்கான ஒரு தூரத்து மேடையாக. அன்று வாயைத் திறந்தேன். திறந்ததோடு நிற்காமல் 1857 அக்டோபர் 4 தேதியிட்ட கடிதத்தையும் சொன்னேன்.

சிப்பாய்க் கிளர்ச்சியின்போது ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்ற சீமாட்டிக்கு டிக்கன்ஸ் எழுதியது அது. தாம் இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தால், அந்தக் கொடுமைகளின் கறை படிந்த இனத்தையே அழித்தொழிக்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்கிறார். அதே சீமாட்டியுடன் சேர்ந்துதான் அவர் 1847இல் லண்டனில் கதியற்ற பெண்களுக்கு ஓர் இல்லம் திறந்து, அதன் சின்னச் சின்ன வேலைகளைக்கூடத் தாமே கவனித்துக்கொண்டவர்.

அறையில் ஒரு சங்கடம் பரவியது. அதுவரை என்னிடம் அன்பாகவே நடந்துகொண்டிருந்தவர்கள், விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரரைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டதைப்போலக் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அது தனிப்பட்ட கடிதம், நாவல் அல்ல என்றார் ஒருவர். டிக்கன்ஸின் மகன் வால்டர், பதினாறு வயதுப் பையன், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தான், தகப்பனின் அச்சத்தையும் பார்க்க வேண்டும் என்றார் தலைவர். அதுவும் உண்மை. வால்டர் திரும்பி வரவில்லை. 1863இன் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்துபோனான். ஆனால் கூட்டத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தார்கள்? தலைவர் மட்டும். பல ஆண்டுகள் கூடிய டிக்கன்ஸ் குழுவில் அது ஒரு முறைகூடப் பேச்சுக்கு வந்ததில்லை.

"அடுத்த மாதம் அதை உரக்கப் படிப்போம்" என்றார் செவிலியர். பன்னிரண்டாம் கூட்டத்தில் தலைவரே படித்தார். அவர் முகம் சிவந்திருந்தது. படித்து முடித்ததும் விவாதம் ஏதும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து நாவலுக்குத் திரும்பினோம். குழுவை விட்டு ஒருவர் விலகினார். கடிதத்தைக் கொண்டுவந்தது சரிதானா என்று சில நாள் யோசித்தேன். இன்றும் சரி என்றே நினைக்கிறேன். அன்புள்ளவர்கள் படிக்கும் இடத்தில்தான் அதைப் படிக்க வேண்டும். வெறுப்பவர்கள் கூட்டத்தில் அதைப் படிப்பதால் யாருக்கு என்ன பயன்?

அதற்குப் பிறகு குழுவின் பேச்சு மாறியது. 'டிக்கன்ஸ் இங்கே சொல்லவருவது' என்று தொடங்கும் வாக்கியங்கள் குறைந்து, 'இந்தப் பக்கத்தில்' என்று தொடங்குபவை கூடின. குறிப்பேட்டைப் புரட்டினால் வேறுபாடு தெரிகிறது. கடிதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மாத வாசிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொலையும் உறைகளும்

பதினைந்தாம் தவணையில் டிக்கன்ஸ் இரக்கமே காட்டுவதில்லை. முதல் அத்தியாயத்தில் ஜோ சாகிறான். அடுத்ததில் டல்கிங்ஹார்ன் மார்பில் குண்டு பாய்ந்து கிடக்கிறார். மூன்றாவதில் நல்லவரான ஜார்ஜைக் கொலைப்பழியில் கைது செய்கிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தமக்குத்தாமே கேள்வியும் பதிலும் எழுதிவைப்பது டிக்கன்ஸின் வழக்கம். இந்தத் தவணைக்கான தாளில் ஜோவைக் கொன்றுவிடும் முடிவு இரண்டு மூன்று சொற்களில் இருக்கிறது. அதைக் கேட்டதும் செவிலியர், "மருத்துவமனை ஏட்டில் நாங்களும் இப்படித்தான் எழுதுவோம்" என்றார்.

கொன்றது யார் என்பது பதினேழாம் தவணையில்தான் தெரியும். இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். புதியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சீட்டில் எழுதி உறையிலிட்டு என்னிடம் கொடுத்தார்கள். அறையில் அன்று பதினாறு பேர். நாற்காலி போதாமல் ஒருவர் சாளரத் திண்டில் உட்கார்ந்திருந்தார். நூலகத்தார் அறையைப் பற்றிப் பேசுவதை முன்பே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

ஜூலையில் உறைகளைப் பிரித்தோம். பெரும்பாலானவர்கள், டல்கிங்ஹார்னுக்குத் தம் ரகசியம் தெரிந்துவிட்ட சீமாட்டி லேடி டெட்லாக்கின் பெயரை எழுதியிருந்தார்கள். டிக்கன்ஸ் விரித்த வலை அது. பிரெஞ்சுப் பணிப்பெண் ஓர்தான்ஸின் பெயர் ஒரே சீட்டில் இருந்தது. அச்சுக்கோப்பாளர் சொல்ல, மனைவி எழுதிய சீட்டு. எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டோம். பதின்மூன்றாம் தவணையில் அவள் டல்கிங்ஹார்னை மிரட்டும் பக்கத்தை மனைவி வீட்டில் படித்தபோது குரலில் ஏதோ மாறியதாம். "என் மனைவிக்கு அவளைப் பிடிக்கவில்லை. அது காதில் விழுந்தது." அந்த அம்மையார் தாம் அப்படி எதுவும் படிக்கவில்லை என்று மறுத்தார்.

முடிந்த பிறகு

கடைசி இரட்டைத் தவணை எட்டு அத்தியாயங்கள். ஒரு கூட்டத்துக்கு அதிகம். நாங்கள் அவசரமாக முடித்தோம், சரியாகச் செய்யவில்லை. நாவல் முழுதும் சான்சரியில் இழுபடும் ஜார்ன்டைஸ் உயில் வழக்கு முடிவுக்கு வரும் இடத்தில் மட்டும் நின்றோம்: சொத்து முழுதும் வழக்குச் செலவுக்கே கரைந்துபோனதால் பங்கிட எதுவுமில்லை, வழக்கு அவிந்துவிட்டது. நீதிமன்றத்திலிருந்து ஆட்கள் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். எல்லோரும் வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதே முறையை மேற்கொள்ள நினைக்கும் குழுக்களுக்கு, கணக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இருந்த ஏழு பேரில் நாவலை முடித்தவர்கள் ஐவர். நடுவில் வந்து சேர்ந்தவர்களில் சிலர் முதல் தவணைகளை இன்னும் படிக்கவில்லை. அவர்களை இடையில் ஏற்றிக்கொள்ள நல்ல வழி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இழுக்கும் மாதங்களில் இரண்டு தவணைகளைச் சேர்த்துப் படித்திருக்கலாம் என்று தலைவர் நினைக்கிறார். கூடாது என்று நான் நினைக்கிறேன். கணக்கை ஒரு முறை தளர்த்தினால் காத்திருப்பது போய்விடும், அது போனால் மீண்டும் நாய்களும் ரயில்களும்தான்.

அடுத்து என்ன என்பதற்கு வாக்கெடுப்பு வைத்தோம். இரண்டு பெயர்கள் முன்வந்தன. 'லிட்டில் டோரிட்': 1855 டிசம்பரில் தொடங்கியது, மீண்டும் பத்தொன்பது மாதம். 'எட்வின் ட்ரூட்': 1870இல் பன்னிரண்டு தவணைகளாகத் திட்டமிட்டு, டிக்கன்ஸ் இறந்துவிட்டதால் ஆறோடு நின்றது. இரண்டாவதை முன்மொழிந்தவர் காரணத்தை நேரடியாகச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் முடிந்துவிடும், எல்லோருக்கும் வசதி என்று மட்டும் சொன்னார். அவர் யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பெரியவருக்கும் புரிந்தது. அப்போது அவருக்கு எண்பத்தொன்பது வயது.

"ஆறு மாதத்தில் தவணை முடிந்துவிடும். கதை முடியாதே" என்றார் அவர். "கொலைகாரன் யாரென்று தெரியாமல் நான் போக வேண்டுமா? டோரிட்டைப் போடுங்கள்."

போட்டோம். முதல் கூட்டம் டிசம்பரில்.